பாதியில் நின்ற பாட்டு

மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அதில் போகிறபோக்கில் நீ எழுதியிருந்த இரண்டு விஷயங்கள் மனசை விட்டுப் போகவில்லை. ஒன்று, உனக்கு சுகர் இருப்பதாக டாக்டர் சொன்னது, அந்த மாத்திரையை நீ ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவது. இன்னொன்று, நாம் அந்தக் காலத்தில் விழுந்து விழுந்து கேட்ட நியூயார்க் ஹிப்-ஹாப் குழு எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்டின் கடைசி ஆல்பத்தை நீ இதுவரை கேட்கவில்லை, இனிமேலும் கேட்கப்போவதில்லை என்பது. பதினெட்டு வருஷம் கழித்து வந்தவர்கள் பழைய பேரைக் காசாக்கத்தான் வந்திருப்பார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். ஏன் சேர்த்து என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. பெண்ணுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படித்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்கிறார். பெண்ணின் அறை காலியாக இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து பாட்டு கேட்கிறேன். அந்த அறையை ஒழிக்கும்போதுதான் மேல் பரணில் நம் காஸெட் கிடைத்தது. தொண்ணூறு நிமிட காஸெட், இரண்டு பக்கமும் ட்ரைப் ஆல்பங்கள், ஒரு பக்கம் 'தி லோ எண்ட் தியரி', மறுபக்கம் 'மிட்நைட் மராடர்ஸ்'. உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். 'லோ எண்ட் தியரி' நாற்பத்தெட்டு நிமிடம். அதனால் கடைசிப் பாட்டு 'சினாரியோ' நமக்குப் பாதியில் நின்றுவிடும், ஞாபகம் இருக்கிறதா? முதலில் குழுவின் ராப்பர் ஃபைஃப் வந்து ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவார், அடுத்தவர் ஆரம்பித்ததும் டக்கென்று டேப் முடிந்துவிடும். விருந்தாளியாக வந்த ராப்பர் பஸ்டா ரைம்ஸ் கடைசியில் வந்து அந்தப் பாட்டையே தூக்கிக்கொண்டு போகிறார் என்பது எனக்குப் பல வருஷம் தெரியவே தெரியாது. அது ஃபைஃபின் பாட்டு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது யோசித்தால் அதுவும் நல்லதுதான். உலகமே பஸ்டாவைப் பற்றிப் பேசிய பாட்டில் நம் காது ஃபைஃப் பக்கமாகப் பழகியது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன்.

நீ மூன்றாவது ஆல்பமான 'மிட்நைட் மராடர்ஸ்' உடன் நின்றவன். அதுவரைக்கும் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. 1990இல் வந்த முதல் ஆல்பம் பெரும்பாலும் குழுவின் இன்னொரு ராப்பர் கியூ-டிப் ஒருவருடைய விளையாட்டு. ஃபைஃப் நாலைந்து பாட்டில்தான் தலைகாட்டுகிறார். 1991இல் 'லோ எண்ட் தியரி' வரும்போதுதான் இரண்டு பேரும் சமமாக நிற்கிறார்கள். முதல் பாட்டில் வெறும் பேஸ் வாத்தியம், அதன் மேல் டிப்பின் குரல். இரண்டாவது பாட்டின் முதல் வரியிலேயே ஃபைஃப் உள்ளே வந்துவிடுகிறார். டிப்பின் குரல் மூக்கால் வருகிற, மெத்தென்ற குரல். ஃபைஃபின் குரல் உரசும். ஐந்தடி மூன்றங்குல உயரம், ஆனால் பேச்சில் யாருக்கும் குனியாத ஆள். ஜாஸ் மேதை ரான் கார்ட்டரையே கூப்பிட்டு ஒரு பாட்டுக்கு பேஸ் வாசிக்க வைத்தார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் இன்றைக்குக் கேட்கும்போது என்னைப் பிடித்து நிறுத்துவது 'செக் த ரைம்'தான். டிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், ஃபைஃப் பதில் சொல்கிறார். நியூயார்க்கின் குவீன்ஸில் லிண்டன் பூலவார்டில் ஒரே தெருவை மிதித்து வளர்ந்த இரண்டு பையன்கள் பேசிக்கொள்கிறார்கள், நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம். அவ்வளவுதான் அந்தப் பாட்டு. அவ்வளவு போதும்.

அப்புறம் நடந்ததும் உனக்குத் தெரியும். 1996இல் 'பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்' வந்தபோது ஃபைஃப் அட்லாண்டாவுக்குக் குடிபோயிருந்தார். டிப்பின் உறவுக்காரப் பையன் கான்சிக்வென்ஸ் பல பாட்டுகளில் வந்தான். அதில் இசையமைக்கச் சேர்ந்த ஜே டில்லாவின் பீட்கள் அருமை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பது போல இல்லை. ஒருவர் முடித்துவிட்டுப் போன பிறகு இன்னொருவர் வந்து பேசுவது மாதிரி இருக்கும். 1998இல் 'தி லவ் மூவ்மெண்ட்' வந்தது, குழுவும் கலைந்தது. குழுவைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படத்தில் டிப்பும் ஃபைஃபும் மேடைக்குப் பின்னால் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு நான் உனக்கு போன் செய்தேன். நீ, "இனிமேல் இவங்க சேர மாட்டாங்க" என்றாய். நானும் ஆமாம் என்றேன். இருவருமே தப்பாகச் சொன்னோம்.

2015 நவம்பர் 13, அமெரிக்காவில் ஜிம்மி ஃபாலனின் டிவி நிகழ்ச்சி. முதல் ஆல்பத்தின் இருபத்தைந்தாம் வருஷத்துக்காக 'கேன் ஐ கிக் இட்' பாடப் போனார்கள். அன்றைக்குத்தான் பாரிஸில் அந்தத் தாக்குதல்கள் நடந்தன. மேடையில் இருந்த வேகமும் வெளியே கேட்ட சேதியும் சேர்ந்து, மறுபடி ரெக்கார்டிங் பண்ணுவோம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. நியூ ஜெர்சியில் டிப்பின் வீட்டு ஸ்டூடியோ. ஃபைஃப் அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தார், அங்கிருந்து வந்து வந்து பாடினார். பாடுகிற எல்லோரும் நேரில் வர வேண்டும், எங்கேயோ உட்கார்ந்து குரலைப் பதிந்து அனுப்புகிற வேலை வேண்டாம் என்பது டிப்பின் பிடிவாதம். 2016 மார்ச் 22 அன்று ஃபைஃப் போய்விட்டார். நாற்பத்தைந்து வயசு. சர்க்கரை வியாதி. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை, கிட்டத்தட்ட நான்கு மாதம்தான் மச்சான் கிடைத்தது. ஆல்பம் நவம்பர் 11 அன்று வந்தது, டிரம்ப் ஜெயித்து மூன்றாம் நாள். பெயர் 'வீ காட் இட் ஃப்ரம் ஹியர்... தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்'. பெயர் வைத்தது ஃபைஃப்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று மற்றவர்களுக்கே சரியாகத் தெரியாது, அவருக்குப் பிடித்திருந்தது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

பழைய சத்தத்தை எதிர்பார்த்துப் போகாதே. 'மிட்நைட் மராடர்ஸ்' மாதிரி சுத்தமாகத் துடைத்து வைத்த பீட்கள் இதில் கிடையாது. கிட்டார் கரகரக்கிறது, பாட்டு நடுவில் திரும்பி வேறு பாதையில் போகிறது, ஒருவர் பேசும்போதே இன்னொருவர் பின்னால் கத்துகிறார். எல்டன் ஜானின் பழைய பாட்டு ஒன்றை எடுத்துக் குலுக்கியிருக்கிறார்கள், எல்டன் ஜானே வந்து பாடியும் இருக்கிறார். ஜாக் வைட், ஆண்ட்ரே 3000, கென்ட்ரிக் லமார் என்று விருந்தாளிகள் நிறைய. இரண்டாம் பாதியில் கொஞ்சம் தொய்கிறது, 'ஈகோ' எனக்கு ஒட்டவில்லை. ஒலி என்று பார்த்தால் 'மிட்நைட் மராடர்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. இதை நீ கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் 'டிஸ் ஜெனரேஷன்' கேள். 'பாஸ் த டச்சி' பாட்டின் துண்டு ஒன்று பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிப், ஃபைஃப், ஜரோபி, பஸ்டா, நான்கு பேர். ஒருவர் வரியை ஆரம்பிக்கிறார், இன்னொருவர் நடுவில் பிடுங்கிக்கொள்கிறார், மூன்றாவது ஆள் முடிக்கிறார். முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஒதுங்கிச் சமையல் பக்கம் போய்விட்ட ஜரோபி இப்படி ராப் பண்ணுவார் என்று யார் நினைத்தது? நாற்பதைத் தாண்டிய ஆட்கள், தங்களுக்குப் பின்னால் வந்த கென்ட்ரிக், ஜே. கோல் மாதிரி பிள்ளைகளின் பேரைச் சொல்லி மதிப்புக் கொடுக்கிறார்கள். எங்கள் காலம் போல வருமா என்ற பேச்சே இல்லை. 'செக் த ரைம்' பாடிய அதே இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். 1996இலும் 1998இலும் நான் தேடிக் கிடைக்காமல் போனது இதுதான். ஒரே அறையில் நின்று பாடியதால்தான் திரும்பக் கிடைத்தது என்று நம்புகிறேன். காசுக்காக வந்தவர்கள் இப்படி மூச்சோடு மூச்சு உரசப் பாட மாட்டார்கள் மச்சான்.

இன்னொன்று, ஃபைஃப் இந்த ஆல்பத்தில் நோயாளியாக இல்லை. உடம்பு முடியாதவர் என்று தெரியாதவனிடம் போட்டுக் காட்டினால் நம்ப மாட்டான். 'வீ த பீப்பிள்' பாட்டில் டிப்பின் பல்லவி, கறுப்பர்கள், மெக்சிகோக்காரர்கள், ஏழைகள், முஸ்லிம்கள், ஒவ்வொருவராகப் போ போ என்று விரட்டுகிறவனின் குரலில் வருகிறது. அதற்கு நடுவில் ஃபைஃப் தெம்பாக வந்து நிற்கிறார். 'கான்ராட் டோக்கியோ'வில் டிரம்பின் பேரைச் சொல்லியே இது சிரிக்கிற காலம் இல்லை என்கிறார். அந்தத் தேர்தல் முடிவு வருவதற்கு ஏழரை மாதம் முன்னாலேயே இறந்தவர் அவர்.

'பிளாக் ஸ்பாஸ்மாடிக்' பற்றி எழுத ரெண்டு நாள் யோசித்தேன். முதலில் ஃபைஃப் தன் பாட்டைப் பாடுகிறார். கூடவே டிப் வருகிறார், ஆனால் டிப்பாகப் பேசவில்லை. ஃபைஃப் அந்தப் பக்கம் போய் நின்று தன்னிடம் என்ன சொல்வார் என்று யோசித்து, ஃபைஃபின் வாய்வார்த்தையாக எழுதியிருக்கிறார். கவலைப்படாதே, வேலையைத் தொடர்ந்து செய் என்று நண்பன் தன்னைத் தட்டிக்கொடுப்பதாக. இருபது வருஷம் முட்டிக்கொண்டவர், அவன் எப்படிப் பேசுவான் என்பதைத் தன் வாயிலேயே வைத்திருந்திருக்கிறார். பெண்ணின் அறையில் விளக்கைக்கூடப் போடாமல் அதை மூன்று தடவை கேட்டேன். 'லாஸ்ட் சம்படி'யும் ஃபைஃபுக்கான பாட்டுதான், அவருடைய அப்பா அம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆவணப்படத்தில் பதிவான சண்டைகளையும் டிப் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். கடைசிப் பாட்டின் பேர் 'தி டொனால்ட்'. பேரைப் பார்த்து நானும் டிரம்ப் பற்றியது என்றுதான் நினைத்தேன். அதுவும் ஃபைஃப்தான், அவருடைய செல்லப்பேர்களில் ஒன்று. அந்த மாதிரி ஒரு வாரத்தில் அந்தப் பேரை நண்பனுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். பஸ்டாவும் அதில் இருக்கிறார். 'சினாரியோ' நமக்கு நின்ற இடத்திலிருந்து தொடர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆல்பம் வந்த மறுநாள் 'சாட்டர்டே நைட் லைவ்' டிவி நிகழ்ச்சியில் பாடினார்கள். ஃபைஃபின் பகுதி வந்தபோது அவர் உருவம் உள்ள பெரிய துணி மேலேயிருந்து இறங்கியது, ரெக்கார்டிங்கில் இருந்த அவர் குரல் மட்டும் ஓடியது. முதல் வாரத்தில் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கும் வந்தது, 1996க்குப் பிறகு முதல் தடவை. அடுத்த வாரம், அவருடைய பிறந்தநாளுக்கு முந்தின நாள், லிண்டன் பூலவார்டின் ஒரு முனைக்கு அவர் பேரை வைத்தார்கள்.

இப்போது உன் சுகருக்கு வருகிறேன்.

ஃபைஃபுக்கு வந்தது முதல் வகை, பத்தொன்பது வயசிலேயே, 1990இல். உனக்கு அது இல்லை, தெரியும். 1993இல் 'ஓ மை காட்' பாட்டில் அவர் தன் வியாதியைச் சொல்லிப் பெருமையாகவே பாடினார். நாம் அந்த வரியைச் சேர்ந்து கத்துவோம், அர்த்தம் யோசித்ததில்லை. 2008இல் அவருடைய மனைவிதான் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அந்த ஆவணப்படத்தில் இனிப்பை விட முடியவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். அன்றைக்கு அதை ஒரு காட்சியாகப் பார்த்தேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

உன்னை பயமுறுத்த எழுதவில்லை. மாத்திரையை தினமும் போடு. மூணு மாசச் சராசரி எவ்வளவு என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதை இந்த வாரமே எடுத்துவிட்டு எண்ணை எனக்கு எழுது. கண்ணையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள், கேட்காவிட்டால் சில பேர் பார்ப்பதில்லை. தங்கச்சியிடம் இதையெல்லாம் சொன்னாயா இல்லையா? சொல்லவில்லை என்றால் நான் போன் செய்யும்போது சொல்லிவிடுவேன், கோபப்படாதே.

காஸெட்டை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். டேப் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது, போடுவதற்கு முன்னால் பென்சில் விட்டு ஒரு சுற்று இறுக்கிக்கொள். முதலில் அதில் 'சினாரியோ' நிற்கிற இடம் வரைக்கும் கேள். அப்புறம் போனில் புது ஆல்பத்தைப் போடு, முதல் பாட்டிலிருந்து. அடுத்த மாசம் இரண்டாவது சனிக்கிழமை அங்கே வருகிறேன், அதற்குள் கேட்டு வை. 'பிளாக் ஸ்பாஸ்மாடிக்'கை மட்டும் விட்டு வை, அதைச் சேர்ந்து கேட்கலாம்.

அன்புடன்,
உன் மச்சான்