மேக்பெத்தும் அவன் மனைவியும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், காய்கறி வாங்கப் போவதென்றாலும் ஊரைச் சுற்ற வேண்டும். மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

சரி, ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடக விஷயத்துக்கு வருகிறேன். தளபதி மேக்பெத் தன் ராஜா டங்கனைக் கொன்று பட்டத்துக்கு வந்ததற்கு அவன் மனைவிதான் காரணம் என்கிறாய். "அந்தப் பொம்பளை ஏற்றிவிட்டாள், அவன் கெட்டான்" என்று எழுதியிருக்கிறாய். கைகேயி, கூனி கதை கேட்டு வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நீ ராஜாவாவாய் என்று மேக்பெத்துக்குச் சூனியக்காரிகள் ஆரூடம் சொல்லும்போது, அவன் சக தளபதி பாங்க்கோவும் பக்கத்தில்தானே நிற்கிறான்? உன் வம்சம் அரசாளும் என்று அவனிடமும் சொல்கிறார்கள். அவன் கத்தியைத் தூக்கவில்லை. மேக்பெத்துக்கோ கொலை எண்ணம் அங்கேயே வந்து மயிர்க்கூச்செறிகிறது. மனைவி அப்போது அந்தப் பக்கத்திலேயே இல்லை!

டங்கன் என் உறவினன், என் ராஜா, என் வீட்டு விருந்தாளி, நல்லவன் என்று கொலைக்கு முன் மேக்பெத்தே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறான். பேராசையைத் தவிர என்னைத் தூண்ட வேறொன்றும் இல்லை என்றும் தன் வாயாலேயே சொல்கிறான். தெரிந்தே இறங்கினவனப்பா அவன். வேண்டாம் என்று பின்வாங்கினவனை, நீயெல்லாம் ஆம்பளையா என்கிற மாதிரி அவள் சீண்டினது வாஸ்தவம்தான். அதற்கு மேல் பழி அவள் தலையில் இல்லை.

இந்தத் தடவை எனக்கு உறைத்தது வேறு. டங்கனைக் கொல்லும்வரை இருவரும் எல்லாவற்றையும் கலந்து பேசுகிறார்கள். பாங்க்கோவைத் தீர்க்க ஆள் வைத்ததை அவளிடம் மூச்சுவிடவில்லை. முடிந்தபின் தெரிந்துகொள் என்று கொஞ்சி மழுப்பிவிடுகிறான். தன்னை எதிர்த்த மக்டஃப் பிரபுவின் மனைவி மக்களைக் கொல்லும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகவே இல்லை. அவள் தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். அவள் சாவுச் செய்தி வந்தபோது, இன்னும் பிறகு செத்திருக்கலாம் என்கிறான் அவன். யாருக்கு ராணிப்பட்டம் தருவேன் என்று ஆசையாகக் கடிதம் எழுதினானோ, அவளுக்காக அழக்கூட அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சரித்திரத்தில் ஸ்காட்லாந்தை ஆண்ட நிஜ மேக்பெத் பாவம். 1040இல் டங்கன் செத்தது போர்க்களத்தில். அதன்பின் மேக்பெத் 17 வருஷம் ஆண்டான். தூங்குகிறவனைக் குத்துவது நாடகத்துக்காகச் சேர்த்தது.

பம்மல் சம்பந்த முதலியார் இதைத்தான் 'மகபதி' என்று தமிழில் எழுதினார். உன் அண்ணன் வீட்டுப் பரணில் அவர் நாடகங்கள் கிடந்தனவே, அதில் இது இருக்கிறதா பார்த்துச் சொல். நீ பரண் ஏறாதே, பையனை ஏறச் சொல்.

அன்புடன்,
சீனு