மின் உலை வெப்பத்தைக் குறைத்துக் காட்டுவது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்புப் பட்டறை,
கீழவாசல், தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மின் உலை தயாரிப்பு நிறுவனம், கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த தை மாதம் தங்கள் நிறுவனத்திடம் 72,000 ரூபாய் செலுத்தி ஒரு சிறிய மஃபிள் உலை (மூடிய அறைக்குள் சூடேற்றும் மின் உலை) வாங்கினேன். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் வெப்பம் உள்ளே இருக்கும் உண்மையான வெப்பத்தைவிட ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கிறது என்பதையும், இதனால் என் வேலை கெட்டதோடு வாடிக்கையாளர்களிடம் என் பெயரும் கெட்டது என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்.

50 டிகிரி என்பது சோறு வடிக்கும் அடுப்புக்குப் பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். என் தொழிலில் அது உயிர்நாடி. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலான குதிரையை இயக்கும் மெயின் ஸ்பிரிங் உடைந்தால் பெரும்பாலும் மாற்று கிடைப்பதில்லை. ஏறக்குறைய 1 சதவீதம் கரிமம் உள்ள எஃகுப் பட்டையை அறுத்து, அரத்தால் முனையை நோக்கி மெலிதாகச் சீவி, பழுக்கக் காய்ச்சி வி வடிவில் மடித்து, பிறகு 790 டிகிரி அளவில் சீராகச் சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தோய்த்த எஃகு கண்ணாடி போலக் கடினமாகி, கீழே போட்டாலே உடையும் நிலையில் இருக்கும். அதை மறுபடி 300 டிகிரி வரை சூடாக்கி, மெருகிட்ட பரப்பில் வைக்கோல் நிறமும் பழுப்பும் ஊதாவும் கடந்து நீலம் படரும்போது எடுத்தால்தான் வளைந்து நிமிரும் பதம் வரும். முதல் சூட்டில் மிகைபட்டால் எஃகின் உள்மணிகள் பருத்து ஸ்பிரிங் ஒடியும். இரண்டாம் சூட்டில் மிகைபட்டால் விறைப்பு தளரும். என் தந்தையார் கரி உலையில், சன்னல்களைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, நிறம் பார்த்தே இதைச் செய்தார். என் கண்பார்வை முன்போல் இல்லாததால்தான் தங்கள் உலையை நம்பினேன்.

மாசி, பங்குனி மாதங்களில் தங்கள் உலையில் 11 ஸ்பிரிங்குகளுக்குப் பதம் ஏற்றினேன். உலையில் 790-இல் சூடேற்றித் தோய்த்து, நீலம் ஏற்றுவதை மட்டும் பழைய முறையில் சூடான மணலில் செய்த 4 ஸ்பிரிங்குகளும் பிடிப்பானில் வைத்து அழுத்தும்போதே ஒடிந்தன. இரண்டு சூட்டையும் உலையிலேயே கொடுத்தவை ஒடியவில்லை. ஆனால் அவற்றில் மூன்று சில வாரங்களில் தளர்ந்துவிட்டன. திருவையாற்றுப் பக்கத்து விவசாயி ஒருவர், குதிரை விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொண்டுவந்தார். முப்பது ஆண்டுகளாக எங்களிடம் வருகிற குடும்பம் அது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தது எனக்கு இன்னும் கூடுதல் வருத்தம்.

முதலில் எஃகின் மீதுதான் எனக்கு ஐயம் வந்தது. ஒடிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, சலித்த சாம்பலைப் போல நுண்மையாக இருக்க வேண்டிய இடம் வறுக்காத ரவையைக் கொட்டினாற்போல மினுங்கியது. அதே பட்டையில் மீதியிருந்த துண்டைப் பழைய கரி உலையில் காய்ச்சித் தோய்த்து ஒடித்துப் பார்த்தேன். சாம்பல் போலவே இருந்தது. எஃகு குற்றமற்றது என்று அப்போதே உறுதியாயிற்று.

அடுத்து, கல் உப்பைப் பொடித்து ஒரு சிட்டிகையை எஃகுத் தகட்டில் வைத்து உலைக்குள் தள்ளினேன். தூய உப்பு 801 டிகிரியில் உருகும். பெட்டி 752 காட்டும்போதே உப்பு கண்ணாடித் துளியாக உருகி நின்றது. மூன்று நாள் தனித்தனியே செய்தும் வேறுபாடு 4 டிகிரிக்கு மேல் மாறவில்லை. மெருகிட்ட துண்டை வைத்தபோது, 300-இல் வர வேண்டிய நீலம் பெட்டி 270 காட்டுகையிலேயே வந்துவிட்டது. சூடு ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது என்பதை இதில் கவனிக்கவும்.

தங்கள் தொழில்நுட்பர் சித்திரையில் நேரில் வந்து பின்மூடியைத் திறந்தபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. உலையின் வெப்பத்தை அளக்கும் இரு உலோக உணரியான கே வகைத் தெர்மோகப்பிளின் தலையிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டி வரை, அதே உலோகங்களுக்கு ஈடான இழைகள் கொண்ட ஈடுசெய் கம்பிக்குப் பதிலாக, வீட்டு மின்னிணைப்புக்குப் போடும் சாதாரணக் கம்பி இணைக்கப்பட்டிருந்தது. இரண்டு இழையும் செம்பு. தெர்மோகப்பிள் அளப்பது இரு முனைகளுக்கிடையேயான வெப்ப வேறுபாட்டையே. செம்புக் கம்பி போட்டால், உலைக்கு வெளியே இருக்கும் குளிர்முனை பெட்டிக்குப் போகாமல், உலைச் சுவரை ஒட்டிச் சுடுகிற தெர்மோகப்பிள் தலையிலேயே நின்றுவிடும். பெட்டியோ தன்னிடமுள்ள அறை வெப்பத்தை மட்டும் கணக்கில் கூட்டும். தலை எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவுக்குக் கணக்குக் குறையும். இதைச் சுட்டிக்காட்டியபோது தங்கள் பணியாளர் மூடியைப் பூட்டிவிட்டு, பட்டறைக்காரர்களுக்கு உலையைக் கையாளத் தெரிவதில்லை என்று சொல்லிச் சென்றார்.

அந்தச் சொல் என்னைப் புண்படுத்தியது. என் பட்டறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பீரங்கி மேடு இருக்கிறது. நாயக்கர் காலத்துக் கொல்லர்கள் இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, காய்ச்சிய வளையங்களை வரிசையாக ஏற்றி அடித்து இறுக்கிச் செய்த பீரங்கி, வார்ப்பு இல்லாமல் உருவாகி, இன்றும் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. சூட்டின் அளவு தெரியாதவர்கள் அதைச் செய்திருக்க முடியாது.

மெயின் ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா வெடிக்காது, அவ்வளவுதான். குதிரையைப் பிடித்து நிறுத்தும் நாக்கின் சிறு ஸ்பிரிங் ஒடிந்திருந்தால், விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கக்கூடும். அந்த வேலையைத் தங்கள் உலையில் நான் அதுவரை செய்யாதது தற்செயல். இதே கம்பியோடு வேறு உலைகளும் விற்கப்பட்டிருந்தால் அவற்றை வாங்கியோருக்கும் தாங்கள் உடனே தெரிவிக்க வேண்டும்.

உரிய ஈடுசெய் கம்பியையும் புதிய தெர்மோகப்பிளையும் தங்கள் செலவில் பொருத்தி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவீட்டுச் சான்றிதழை 300, 800 ஆகிய இரு வெப்பநிலைகளுக்கும் தர வேண்டும். வீணான எஃகுக்கும் திருப்பிக் கொடுத்த கூலிக்கும் சேர்த்து 14,600 ரூபாய் வழங்க வேண்டும். உத்தரவாதக் காலத்தைப் பழுது நீக்கிய நாளிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும். தொழிலுக்காக வாங்கியதால் நான் நுகர்வோர் அல்லன் என்று தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் கூறினார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். ரசீதின் நகலையும், கம்பி இணைப்பின் புகைப்படங்களையும், ஒடிந்த ஸ்பிரிங் துண்டுகளில் இரண்டையும் இத்துடன் இணைத்துள்ளேன். மற்றவை என்னிடம் பத்திரமாக உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்