பேட்டன்ட் கதையில பாதியதான் எழுதியிருக்கீங்க

ஆசிரியருக்கு வணக்கம். பேட்டன்ட் (புதுசா கண்டுபிடிச்சவங்களுக்கு மட்டும் சில வருஷத்துக்குக் கொடுக்கிற தனி உரிமை) சட்டம் கடுமையா இருந்தாதான் முதலீடு வரும், வர்த்தகம் வளரும்னு உங்க கட்டுரைல படிச்சேன், பாதி சரிதான், இன்னைக்கு டிசைனை அனுப்பினா நாளைக்கே காப்பி அடிச்சிருவாங்கன்னா எந்த கம்பெனியும் நல்ல டெக்னாலஜிய அந்த நாட்டுக்குக் கொடுக்காது. ஆனா இன்னைக்கு பாடம் எடுக்கிற பணக்கார நாடுங்க அன்னைக்கு என்ன பண்ணுச்சு? நெதர்லாந்து 1869ல பேட்டன்ட் சட்டத்தையே தூக்கிப் போட்டுட்டு 1912 வரைக்கும் அது இல்லாமலே ஓட்டுச்சு, அமெரிக்கா 1891 வரைக்கும் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு காப்பிரைட்டே கொடுக்கல. அவங்க வளர்ந்தப்புறம், 1995ல பேட்டன்ட், காப்பிரைட் மாதிரி உரிமைகளுக்கான ட்ரிப்ஸ் ஒப்பந்தம் வந்துச்சு, உலக வர்த்தக அமைப்புல இருக்கணும்னா 20 வருஷ பேட்டன்ட் கொடுத்தே ஆகணும் (ரொம்ப ஏழை நாடுகளுக்கு மட்டும் மருந்துல 2033 வரைக்கும் விலக்கு, அதுவும் கேட்டுக் கேட்டு வாங்கினது).

எச்ஐவி மருந்தையே பாருங்க சார். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 10,000 டாலர் ஆன மருந்த 2001ல ஒரு இந்திய ஜெனரிக் கம்பெனி (அதே மருந்த மலிவா செஞ்சு விக்கிற கம்பெனி) 350 டாலருக்குத் தரேன்னு சொல்லுச்சு, அப்போ இந்தியாவுல மருந்துப் பொருளுக்கு பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான், வேற முறையில அதே மருந்த செய்யலாம், அதனாலதான் அது முடிஞ்சுது. 2005ல மருந்துப் பொருளுக்கும் பேட்டன்ட் கொண்டுவந்து அந்தக் கதவையும் சாத்தி வச்சாச்சு. அடுத்த கட்டுரைல இதையும் சேர்த்து எழுதுங்க.

— ஒரு வாசகர்