நான்கு நாய்களும் ஒரு மனுவும்

25 டிசம்பர் 2025

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஆச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதியடைந்தேன். சொட்டு மருந்தை நாள் தவறாமல் விடச் சொல். இங்கே மார்கழிப் பனி இறங்கிவிட்டது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கியதும் கூடவே ஊளையிடும் கருப்பனின் குரல் இந்த ஆண்டு நம் தெருவில் இல்லை.

கடிதத்தின் கடைசியில், "எழுபது வயதுக்கு மேல், தெருநாய்க்காக, ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கும் ஒரு வழக்குக்காக ஏன் இப்படி அலைகிறாய்?" என்று கேட்டிருந்தாய். நீ என் மேல் உள்ள அக்கறையால்தான் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியில் அதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை விடியும் முன்பு, உன் வீட்டுக் காவல்காரர் வந்து என்னை எழுப்பினார். உன் வீட்டுப் பின்வாசலிலிருந்து ஊருணிக் கரை வரை ஐந்து நாய்கள் விழுந்து கிடந்தன. கருப்பன் உட்பட மூன்றுக்கு உயிர் போயிருந்தது. செவலை கால்களை உதைத்துக்கொண்டு, வாயில் நுரை தள்ள, கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கிப்போய்க் கிடந்தது; நாங்கள் ஆட்டோவில் ஏற்றும்போதே அதுவும் அடங்கிவிட்டது. வெள்ளச்சியை மட்டும் அரசுக் கால்நடை மருத்துவமனை வரை உயிரோடு கொண்டுபோக முடிந்தது. வயலுக்குப் போடும் குருணை மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர் பார்த்த உடனேயே கணித்து, அந்த நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஊசியைச் சிறிது நேர இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டார். மதியத்துக்கு மேல் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை உனக்கு எழுத்தில் சொல்ல என்னால் இயலவில்லை.

நான் ஊருக்குத் திரும்பியபோது நான்கு உடல்களையும் ஊருணிக்கு அப்பால் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள், வெயில் ஏறினால் நாற்றம் எடுக்கும் என்று. ஆனால் புதைத்துவிட்டால் வழக்கும் அந்தக் குழிக்குள்ளேயே போய்விடும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்ததால், நான் நிறுத்தச் சொல்லி, மீன் கடையில் ஐஸ் வாங்கிச் சாக்கில் கட்டி உடல்களைச் சுற்றி வைத்தேன். சிதறிக் கிடந்த சோற்றை வேறு உயிர் எதுவும் தின்றுவிடாதபடி தாளில் பொதிந்து காவலரிடம் ஒப்படைத்தோம். பிரேதப் பரிசோதனை நடந்ததும், உள்ளுறுப்புகள் தடயவியல் ஆய்வகத்துக்குப் போனதும் இந்த ஐஸ் கட்டிகளால்தான்.

காவல் நிலையத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நாய் யாருடையது?" என்பது. இரண்டு முறை கேட்டார்கள். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் எழுத ஒரு பெயர் வேண்டுமாம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களிடம் கேள்வி கேட்டுப் பழகியவன்; இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

கருப்பன் யாருடையது? நம் தெருவில் முப்பத்தொரு வீடுகளில் ஆள் குடியிருப்பது ஒன்பதில்தான். மற்றவை பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறந்து, ஆத்தங்குடிக் கல்லைக் கழுவித் துடைத்து, நாலு நாள் விருந்து போட்டுவிட்டு மறுபடியும் பூட்டுகிறார்கள். அந்த நாலு நாளும் நாய்களுக்கு இலைச் சோறு கிடைக்கும். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. நம் சிறு வயதில் ஒவ்வொரு வீட்டின் இரண்டாங்கட்டிலும் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது; பின்வாசலில் கொட்டிய மிச்சச் சோற்றில் தெரு நாய்கள் வளர்ந்தன. என் அப்பத்தா உண்டு முடித்ததும் ஒரு பிடியை உருட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போவதை நீயும் பார்த்திருக்கிறாய். அந்த வீடுகளின் மனிதர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், நாய்கள் போகவில்லை. இரவில் இத்தனை நீளமான தெருவில் யாராவது அயலார் கால் வைத்தால் முதலில் குரல் கொடுத்தவை அவைதாம். உன் வீட்டு முகப்பையும் கருப்பன்தான் பதினோரு வருடம் காத்தான். ஆகவே 'யாருடையது' என்ற இடத்தில், "இந்தத் தெருவில் பிறந்து இந்தத் தெருவில் வாழ்ந்தவை" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மனுவுக்கு ரசீது மட்டும் தந்தார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாக, சிவகங்கைக்குப் போய் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வி அவர்களுடைய மெத்தனத்தால் மட்டும் எழுந்ததல்ல. சட்டத்திலேயே அது இருக்கிறது என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். விலங்குகளுக்கென்று நமக்குள்ள சட்டம் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விடாமல் முயன்றதன் பயனாக வந்தது அது. பின்னர் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவரானார். தெருநாயைக் கொடூரமாகக் கொல்வது குற்றம் என்று அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நீதிபதியின் அனுமதிக்குக் காத்திராமல் காவல்துறையே அதை விசாரிக்கலாம். ஆனால் முதல் முறை செய்தவருக்குத் தண்டனை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். அதோடு, குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் பிறகு தொடுக்கவே முடியாது.

மற்றொன்று தண்டனைச் சட்டம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கொல்லப்பட்ட விலங்கு பத்து ரூபாய் பெறுமா, ஐம்பது ரூபாய் பெறுமா என்று பார்த்துத் தண்டனையைப் பிரித்தார்கள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் அந்த விலைக் கணக்கு இல்லை. எந்த விலங்கானாலும், கொன்றாலோ நஞ்சிட்டாலோ முடமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் நம் வழக்கறிஞர், அந்தப் பிரிவு பிறருடைய சொத்துக்கு விளைவிக்கும் கேடு என்ற அடித்தளத்தின் மேல் நிற்பதால், எதிர்த்தரப்பு 'இந்த நாயால் யாருக்கு என்ன இழப்பு?' என்று கேட்கும் என்று விளக்கினார். நண்பா, இதுதான் என்னை உறுத்துகிறது. நாயின் வலியை வலியாக மதிக்கும் சட்டம் ஐம்பது ரூபாயோடு நின்றுவிடுகிறது. சிறைக்கு அனுப்பும் வலுவுள்ள சட்டமோ நாயை ஒரு பொருளாகப் பார்த்து உடையவனைத் தேடுகிறது. உடையவன் இல்லாத உயிர் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. 2016-இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் நாயை மாடியிலிருந்து வீசியெறிந்த காட்சி நாடு முழுவதும் பரவியபோது நீ எவ்வளவு கொதித்தாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அன்று உன்னைக் கொதிக்கவைத்ததே இன்று என்னை அலையவைக்கிறது.

நஞ்சு வைத்தவரைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். உன் வீட்டுக் கேமராவில் பதிவானவர் நம் பக்கத்துத் தெருக்காரர். ஆனி மாதம் அவருடைய பேத்தியைச் செவலை கடித்தது. குட்டி போட்டு ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், உன் வீட்டுப் பின்வாசல் படிக்குக் கீழே குட்டிகளோடு கிடந்தது அது. பந்தை எடுக்கப் போன பிள்ளையின் கெண்டைக்காலில் பாய்ந்துவிட்டது. காயத்தைக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தவணை தவறாமல் ஊசி போட்டார்கள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் நாயைக் கண்டால் நடுங்குகிறாள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது என்று அறிந்த எந்தத் தாத்தாவும் அந்த மாதம் முழுவதும் உறங்கியிருக்க மாட்டார். அவருடைய பயத்தை நான் ஒருபோதும் சிறுமையாக எண்ணவில்லை. அவர் பஞ்சாயத்துக்குச் சென்று கேட்டிருக்கலாம், என்னிடம் வந்திருக்கலாம், என்னைத் திட்டியிருக்கலாம். சோற்றில் நஞ்சைப் பிசைந்து, பசித்த உயிரின் முன்னால் அன்போடு வைப்பது போல் வைத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடிக்காத மூன்று நாய்கள் செவலையோடு செத்தன. அதன் நான்கு குட்டிகளில் இரண்டைக் காவல்காரர் மனைவி ஆட்டுப்பால் புகட்டிக் காப்பாற்றினார், இரண்டு போய்விட்டன. நஞ்சு வைத்தவர் வீட்டுக்கு நான் ஒருமுறை போனேன். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் வாபஸ் வாங்குவதாகச் சொல்லவில்லை.

செவலைக்கு ஓராண்டுக்கு முன்பே கருத்தடை செய்திருந்தால் அந்தக் குட்டிகளும் இல்லை, அந்தக் கடியும் இல்லை. இந்த எளிய காரியத்துக்கு நம் நாடு எத்தனை காலம் எடுத்துக்கொண்டது பார். சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதால் நாய்கள் குறைவதில்லை, கருத்தடையே வழி என்று 1964-லிருந்து சொல்லிவந்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. அதற்கு முன் நாய் வண்டியில் பிடித்துப்போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். ஓரிடத்து நாய்களை அழித்தால், அங்குள்ள உணவை நாடி வேறு நாய்கள், ஊசி போடாதவை, வந்து சேரும். நம் தெருவிலும் அதுதான் நடந்தது: புரட்டாசி முடிவதற்குள் அறிமுகமில்லாத மூன்று நாய்கள் ஊருணிக் கரையில் குடியேறிவிட்டன. அவை கடிக்குமா, ஊசி போட்டவையா என்று யாருக்கும் தெரியாது. கருப்பனை எல்லோருக்கும் தெரியும்.

இதற்கிடையே உச்ச நீதிமன்றத்தின் ஆணைகளை நீயும் படித்திருப்பாய். ஆகஸ்ட் 11-ஆம் தேதி தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னபோது, இங்கே தேநீர்க் கடையில், 'பார்த்தீர்களா, நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று என்னிடம் பேசினார்கள். 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது, உணவிடத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றார்கள். நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றி, அங்கே திரும்ப விடக் கூடாது என்று ஆணை வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிடித்த நாய்களை நம் வட்டாரத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்பதே கவலை. இடம் ஏற்பாடு செய்யாமல் பிடித்தால், நஞ்சு வைத்தவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

சென்ற அஷ்டமியன்று வைரவன்பட்டிக்குப் போயிருந்தேன். வைரவருக்கு வடைமாலை சாத்த நல்ல கூட்டம். வாகனமாக நிற்கும் நாய்க்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டவர்களே வெளியே வந்ததும் வாசலில் படுத்திருந்த நாயைக் கல்லெடுத்து விரட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அதன் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கு இப்போது இந்த நிலையில் இருக்கிறது. மூன்று மாதக் கெடு முடியும் முன்பாக, தீபாவளிக்கு முந்தைய வாரம், இரண்டு சட்டங்களின் கீழும் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. நீ அனுப்பிய கேமராப் பதிவும், சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி நீ கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அதற்கு நான் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. அடுத்த வாய்தா தை மாதம். ஐம்பது ரூபாயோடு முடியலாம் என்று நம் வழக்கறிஞர் என்னை இப்போதே தயார்ப்படுத்துகிறார். அப்படி முடிந்தாலும், நம் ஊரில் தெருநாயைக் கொன்றதற்காக ஒருவர் நீதிமன்றத்தில் நின்றார் என்பது பதிவாகும். அடுத்த முறை மனுக் கொடுக்கப் போகிறவரிடம் 'யாருடையது?' என்று அவ்வளவு எளிதாகக் கேட்டுவிட முடியாது. அதற்காகத்தான் அலைகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். நாய்களுக்குச் சோறு வைக்கப் பிள்ளைகள் விளையாடாத, ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இடம் வேண்டும் என்று பஞ்சாயத்தில் பேசினேன். உன் வீட்டுப் பின்வாசலுக்கு வெளியே, அடுத்த தெருவை ஒட்டி, பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடம் அதற்குப் பொருத்தமாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒரு வேளைச் சோறு, ஒரு தொட்டித் தண்ணீர், முடிந்ததும் கழுவிவிடுவது, இவ்வளவுதான். ஒரே இடத்தில் கூடிப் பழகினால், கருத்தடைக்கும் ஊசிக்கும் பிடிப்பவர்களுக்கும் எளிது என்று மருத்துவர் சொல்கிறார். அரிசிக்கு நானும் இன்னும் இரண்டு வீட்டாரும் பொறுப்பு. உன் தம்பி வீட்டாருக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் அவர்களிடமும் கேட்டுவிட்டு, உன் சம்மதத்தை நாலு வரியில் எழுதி அனுப்பு. பஞ்சாயத்தில் காட்ட வேண்டும். சாவி காவல்காரரிடமே இருக்கிறது.

வெள்ளச்சி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் யார் கையிலிருந்தும் வாங்குவதில்லை; கீழே வைத்துவிட்டு நாம் நகர்ந்த பிறகுதான் வருகிறாள்.

உன் அன்பு நண்பன்