ஆளில்லாத் தீவில் என்ன விளையாட்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, முதல் நபர் பார்வையில், அதாவது ஆட்டக்காரரின் கண்வழியே பார்ப்பதுபோல் அமைந்த புதிர் விளையாட்டுகளை, அழகான காட்சிகளுக்கு நடுவே சும்மா நடந்துகொண்டிருக்கும் பொழுதுபோக்கு என்ற அளவில் முடித்துவிட்டது. எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, பெரும்பாலும் ஓர் ஆள்கூட இல்லை என்பதெல்லாம் சரிதான். அந்த வெறுமை எதற்காக என்பதுதான் கட்டுரையில் விடுபட்டது. இந்த வகையில் குறிப்புகள் சூழலுக்குள்ளேயே புதைந்திருக்கும். சுவரின் கீறல், குழாயில் ஓடும் நீரின் ஓசை, கதவுக்கு மேல் செதுக்கிய குறி எல்லாமே தகவல். சுடுவதற்கு ஆள் வந்துவிட்டால் சுவரை யார் பார்ப்பார்கள்?

இந்த வகைக்குப் பெருங்கூட்டத்தைச் சேர்த்த 'மிஸ்ட்' 1993-இல் வந்தது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் சயன் நிறுவனம் அதை மெக்கின்டாஷ் கணினியில், ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளைக் கொண்டு கட்டியது. ஹைப்பர்கார்டு அடிப்படையில் ஒரு சீட்டுக்கட்டு. ஒரு சீட்டில் ஒரு படம். படத்தில் ஓரிடத்தைச் சொடுக்கினால் அடுத்த சீட்டு. அன்றைய ஒற்றை வேக சிடி-ராம் நொடிக்கு 150 கிலோபைட்தான் படிக்கும். பாய்ந்து வரும் எதிரிக்கு அந்த வேகம் போதாது. அசையாத படத்தை நிதானமாக மெருகேற்றி வைக்கலாம். அப்படிச் சுமார் 2,500 படங்கள். கருவியின் குறையே வகையின் இலக்கணமாகிவிட்டது: படம் அசையாததால் ஆட்டக்காரர் உற்றுப் பார்த்தார், உற்றுப் பார்ப்பார் என்று தெரிந்ததால் குறிப்பைப் படத்திலேயே ஒளிக்க முடிந்தது. 2002-இல் 'தி சிம்ஸ்' முந்தும்வரை கணினிக்கென வந்த விளையாட்டுகளில் அதிகம் விற்றது இந்த ஆளில்லாத் தீவுதான்.

அந்தத் தீவின் நூலகத்தில் ஒரு கணப்பு உண்டு. உள்ளே போய் நின்றால் 8-க்கு 6 என 48 கட்டங்கள். ஒவ்வொன்றையும் அழுத்தலாம், விடலாம். ஆக மொத்தம் ஏறக்குறைய 281 லட்சம் கோடி அமைப்புகள். முடிவுக்கு வழி திறப்பது அவற்றுள் ஒன்றுதான். என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்தவர் தொடக்கத்திலேயே நேராக அங்கே போய், சில நிமிடங்களில் ஆட்டத்தை முடித்துவிடலாம். தடுக்க எதுவும் இல்லை. ஆட்டக்காரருக்கும் முடிவுக்கும் நடுவே நிற்பது அவருக்கு இன்னும் தெரியாத ஒன்று மட்டுமே. 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' இதே கொள்கையை ஒரு முழுச் சூரியக் குடும்பத்துக்கு விரித்தது. 22 நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாம் பழையபடி தொடங்கும். ஆயுதமோ சக்தியோ சேர்வதில்லை. சேர்வது அறிவு மட்டும்.

சூழலே எப்படிப் பாடம் நடத்துகிறது என்பதற்கு 1997-இல் 5 சிடிக்களில் வந்த 'ரிவன்' நல்ல சான்று. அங்கே ஒரு பள்ளி அறை. அதில் குழந்தைகளுக்கான பொம்மை ஒன்று. இயக்கினால் ஓர் எண்குறி தோன்றும். அந்த எண்ணுக்குத் தக்க அளவு, கயிற்றில் தொங்கும் மனித உருவம் கீழே காத்திருக்கும் கடல் விலங்கை நோக்கி இறங்கும். எத்தனை படி இறங்கியது என்று எண்ணினால் குறியின் மதிப்பு கிடைத்துவிடும். எண் கற்கும் அதே கணத்தில் இந்த ஊரில் தண்டனை எப்படியிருக்கும் என்பதும், அதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் பழக்குகிறார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஒரு சொல் வசனம் இல்லை. பொம்மை 10 வரைதான் கற்றுத்தரும். அதற்கு மேல் நாமே ஊகிக்க வேண்டும்: 1-க்கான குறியைக் கால் சுற்றுத் திருப்பினால் 5, 2-க்கானதைத் திருப்பினால் 10, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இடைப்பட்ட எண்கள். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதுபோல, இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணும் 25 அடிமான எண்முறை அது. குறி எந்தப் பக்கமாக நிற்கிறது என்பதைக் கவனிக்காமல் தாளில் எழுதியவர் இங்கே 2-ஐ 10 என்று படித்துவிட்டு மணிக்கணக்கில் சுற்றுவார்.

குறிப்பு இருந்தும் கோட்டைவிடும் இடம் ஒன்றும் உண்டு. 'மிஸ்ட்' ஆட்டத்தில் நிலத்தடிச் சுரங்கத்தில் ஓடும் ஒரு வண்டி வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஒலி கேட்கும். எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அந்த ஒலிதான் சொல்கிறது. நான்கு திசைக்கு நான்கு ஒலிகள். வடகிழக்கு என்றால் வடக்கின் ஒலியும் கிழக்கின் ஒலியும் சேர்ந்து வரும். அழகான ஏற்பாடு. ஆனால் எந்த ஒலி எந்தத் திசை என்பதைக் கற்றுத்தருவது, தீவிலிருந்து போகக்கூடிய தனித்தனி உலகங்களுள் வேறொன்றில் இருக்கும் சுழலும் கோட்டை. உலகங்களை எந்த வரிசையிலும் பார்க்கலாம் என்று ஆட்டம் விட்டிருப்பதால், சுரங்கத்துக்கு முதலில் போனவருக்கு அந்த ஒலி வெறும் இரைச்சல். முட்டிமோதி வழி கண்டுபிடித்து, இது மோசமான புதிர் என்று முடிவு கட்டிவிடுவார். பாடம் ஒரு வீட்டில், தேர்வு வேறு வீட்டில் என்றால் இதுதான் நடக்கும்.

2016-இல் ஜொனாதன் ப்ளோ வெளியிட்ட 'தி விட்னஸ்' இந்தத் தவற்றைப் பெரிதும் தவிர்த்தது. பலகையில் கோடு வரைந்து தீர்க்க வேண்டிய 500-க்கும் மேற்பட்ட புதிர்கள். விளக்க உரை என்று எதுவும் கிடையாது. முதல் பலகையில் ஒரு நேர்க்கோடு. இரண்டாவதில் ஒரு திருப்பம். சற்றுத் தள்ளி, வரிசையாக நிற்கும் பலகைகளில் ஒரே ஒரு புதிய குறி, முதலில் மிக எளிய வடிவில். மூன்றாவது நான்காவது பலகையில் உங்கள் ஊகம் பொய்த்தால், குறியின் பொருளை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டது அங்கேயே அம்பலமாகிவிடும். பல வரிசைகளில் தவறாக வரைந்தால் பலகை அணைந்துபோகும். முந்தையதை மறுபடி தீர்த்தால்தான் உயிர்பெறும். குருட்டுத்தனமாக முயல்வோருக்கு அது சிறிய அபராதம். இந்த ஆட்டம் நடக்கும் தீவில் பலகைகளுக்கு வெளியே இருப்பதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். விளையாடியவர்கள் மன்னிப்பார்கள், விளையாடப்போகிறவர்கள் நன்றி சொல்வார்கள்.

குருட்டு முயற்சியைத் தடுப்பது இந்த வகையை வடிவமைப்போருக்குத் தீராத தலைவலி. இரு நிலைகள் கொண்ட 5 நெம்புகோல்கள் என்றால் மொத்தம் 32 அமைப்புகள்தான். யோசிப்பதைவிட எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பது சுலபம். நான்கு இலக்கப் பூட்டு 10,000. அங்கே கை சலித்து மூளை வேலை செய்யத் தொடங்கும். 2018-இல் லூகஸ் போப் உருவாக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' கெட்டிக்காரத்தனமாக வேறு வழி கண்டது. கப்பலில் இருந்த 60 பேரின் பெயரையும் கதியையும் கண்டறிய வேண்டும். மூன்று பேருடைய விவரம் சரியானால்தான் ஆட்டம் ஒப்புக்கொள்ளும். இதிலும் ஓட்டை உண்டு: இருவரை உறுதியாகத் தெரிந்துகொண்டு, மூன்றாவதற்குப் பெயர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கலாம். அப்படி முடித்தவருக்குச் சுவை பாதிதான் கிடைத்திருக்கும்.

எல்லாக் கடினமும் நல்ல கடினமல்ல. 'ரிவன்' ஆட்டத்தில் திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு வழி மறைந்திருக்கும். நுழைந்த பிறகு கதவைத் திரும்பச் சாத்தினால்தான் கண்ணில் படும். குறிப்பு எதுவும் கிடையாது. ஒளித்துவைப்பது வேறு, புதிர்போடுவது வேறு. இவ்வளவு உயர்ந்த படைப்பில் அது ஒரு கரும்புள்ளி என்றே சொல்வேன்.

கட்டுரையாளர் அரைமணி நேரத்தில் தலைசுற்றி நிறுத்தியதாக எழுதியிருந்தார். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டத்தின் அமைப்புகளில்தான் (செட்டிங்ஸ்) இருக்கும். கண் நகர்வைப் பார்க்கிறது, சமநிலையை உணரும் உட்செவி அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். முதலில் பார்வைக் கோணத்தை, அதாவது ஆட்டத்தின் உலகில் எத்தனை டிகிரி அகலம் திரையில் தெரிகிறது என்பதை, சரிசெய்ய வேண்டும். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ.; 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது நம் பார்வையில் 53 டிகிரியை அடைக்கும். 3 மீட்டர் தொலைவில் உள்ள 55 அங்குலத் தொலைக்காட்சி 23 டிகிரிதான். தொலைக்காட்சிக்கென வைத்த குறுகிய கோணத்தோடு மேசைத் திரைக்கு அருகில் உட்கார்ந்தால், காட்சி தொலைநோக்கியில் பார்ப்பதுபோல் ஊசலாடும். மேசைக்குக் கிடைமட்டமாக 90 முதல் 100 டிகிரி வையுங்கள். சில ஆட்டங்களில் அந்த எண் செங்குத்துக் கோணத்தைக் குறிக்கும். 16:9 திரையில் செங்குத்தாக 60 என்பது கிடைமட்டத்தில் சுமார் 91. இது தெரியாமல் 90-க்கு ஏற்றினால் விளிம்புகள் இழுபட்டு இன்னும் மோசமாகும்.

அடுத்து, நடக்கும்போது தலை ஆடுவதையும், திரும்பும்போது காட்சி மங்குவதையும் அணைத்துவிட வேண்டும். திரை நடுவே ஒரு புள்ளி வைக்க வழியிருந்தால் வையுங்கள். கண்ணுக்கு ஒரு பிடிமானம். காட்சி நொடிக்கு 60 சட்டங்களாவது (ஃபிரேம்) ஓடாவிட்டால் நிழல், பிரதிபலிப்பு ஆகியவற்றின் தரத்தைக் குறையுங்கள். அறை விளக்கு எரியட்டும். குமட்டலின் முதல் அறிகுறியிலேயே எழுந்துவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று முழுவதும் விடாது.

ஒலியைப் பற்றி ஒன்று. ஹெட்போன் நல்லது, ஆனால் கைப்பேசியிலோ கணினியிலோ இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோ தேர்வாகியிருந்தால் இடம் வலம் தெரியாது. சுருதி பிரித்தறிய இயலாதவர்களுக்கு, 'மிஸ்ட்' விண்கலத்தில் உள்ள ஐந்து சுரப் புதிர் பெருஞ்சுவர். இசைக்கருவிக்குச் சுருதி சேர்க்கும் செயலியைக் கைப்பேசியில் திறந்து ஒலிபெருக்கிக்கு அருகில் வைத்தால் எந்தச் சுரம் என்று எழுத்தில் காட்டிவிடும். அது ஏமாற்று வேலையல்ல, கண்ணாடி அணிவதைப்போல.

தாளும் பென்சிலும் இல்லாமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. கட்டம்போட்ட தாள் உத்தமம். இடத்துக்கு ஒரு பக்கம். புரியாத குறியையும் வரையுங்கள், மேல்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். நெம்புகோலைத் தொடுவதற்கு முன் அது இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் போதுமே என்பார்கள். இருநூறு படங்கள் சேர்ந்த பிறகு எதுவும் கைக்குக் கிடைக்காது. கையால் வரையும்போதுதான் குறியில் எத்தனை கோடுகள் என்று கண் எண்ணும்.

மாட்டிக்கொண்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'விடை என்ன' அல்ல. 'தேவையான தகவல் எல்லாம் என்னிடம் இருக்கிறதா' என்பதே. தாளில் பொருள் புரியாத குறிகள் மிச்சமிருந்தால், அவற்றைக் கற்றுத்தரும் இடத்துக்கு இன்னும் போகவில்லை என்று பொருள். எல்லாம் புரிந்தும் நகரவில்லை என்றால், பார்க்காத வழி ஒன்று இருக்கிறது. இணையத்தில் முழுத் தீர்வைத் திறந்தால் கண் தானாக அடுத்த மூன்று விடைகளையும் மேய்ந்துவிடும். ஆகவே படிப்படியாகத் துப்புத் தரும் பக்கத்தை நாடுங்கள். அதைவிட நல்லது, வேறொருவரைத் தீர்வைப் படிக்கச் சொல்லி, மேற்படி கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் கேட்பது.

கடைசியாகத் தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். விமர்சனப் பகுதியில் காட்சித் தரத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். இந்த வகை ஆட்டங்களுக்கு அதைவிட உதவியான தகவல்கள் உண்டு: நிறம் பிரித்தறிந்தால்தான் தீரும் புதிர்கள் இருக்கின்றனவா, காதை நம்பிய புதிர்கள் இருக்கின்றனவா, அவற்றுக்கு மாற்று உண்டா, பார்வைக் கோணத்தை மாற்ற முடியுமா, நினைத்த இடத்தில் சேமிக்கலாமா, ஆட்டத்துக்குள்ளேயே குறிப்பேடு இருக்கிறதா. இவற்றை நான்கு வரிகளில் அச்சிட்டாலே போதும். விடைகளை வெளியிட நேர்ந்தால், குறுக்கெழுத்துக்குச் செய்வதைப்போலத் தலைகீழாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்