செங்கல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள் அப்பா

லாசால், மான்ட்ரியல்
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை, மீதி அம்மா வழியாகச் சுருங்கி வருகிறது. இது சுருக்கிச் சொல்கிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பியைப் பற்றித்தான். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். நம் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. முன்பக்கம் ஜாக்கியில் தூக்கியிருக்கிறது. பக்கத்தில் மூன்று செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறான். வண்டிக்கு அடியிலிருந்து அவன் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. “ஆயில் நானே மாத்திட்டேன்ணா” என்று சந்தோஷமாக எழுதியிருந்தான். பார்த்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று இரவே கூப்பிட்டுச் சொன்னேன். “சரிண்ணா, சரிண்ணா” என்றான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்.

இங்கே இது ஜாக்கி போடுகிற காலம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குப் பனிக்கால டயர் இருந்தே ஆக வேண்டும், சட்டம். வெயில்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடும், ரோட்டைப் பிடிக்காது. பனிக்கால டயர் அந்தக் குளிரிலும் மெத்தென்றே இருக்கும். பக்கவாட்டில் மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கும். நவம்பர் வந்தால் ஊரே டயர் கடையில் நிற்கிறது, நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகிறது. நான் இரண்டாவது செட்டை ரிம்மோடு வாங்கி வைத்துக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு முறை வீட்டிலேயே மாற்றுகிறேன். நேற்றுத்தான் மாற்றி முடித்தேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, பயப்படுவீர்கள் என்று.

இங்கே வந்த இரண்டாம் வருடம். எங்கள் வீடு இரண்டடுக்கு, நாங்கள் கீழே, வீட்டுக்காரர் மேலே. தெருவிலிருந்து வண்டிப்பாதை சரிவாக இறங்கி, வீட்டுக்கு அடியில் இருக்கிற கராஜுக்குள் போகும். மான்ட்ரியலில் பழைய வீடுகள் நிறைய இப்படித்தான். அந்தச் சரிவிலேயே காரை நிறுத்தி ஜாக்கி போட்டேன். ஆட்டோமேட்டிக் வண்டி, கியரை ‘பி’யில் (பார்க்கிங்) போட்டால் நின்றுவிடும் என்று நம்பினேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை. குளிரில் பிரேக் கேபிள் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்று இங்கே பலர் அதைத் தொடுவதே இல்லை. நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்திருந்தேன். முன் வலது சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்தது. ஒரு சாண்தான் இருக்கும். ஜாக்கி சாய்ந்து, நழுவி, கார் தடாரென்று இறங்கியது. நான் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அடியில் இல்லை. சக்கரத்தையும் இன்னும் கழற்றவில்லை. அது கடவுள் செயல்.

ஏன் நகர்ந்தது என்று உங்களுக்கு ஒரு வரியில் சொன்னால் புரியும். ஒரு பின்சக்கரம் சேற்றில் மாட்டிச் சுற்றினால் கெட்டித் தரையில் இருக்கிற மறு சக்கரம் சும்மா நிற்குமே, இரண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுகிற டிஃப்ரென்ஷியலின் வேலை, அதே கணக்குத்தான். இந்தக் காரில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரத்தை. ‘பி’ பிடிப்பதும் அந்த முன்சக்கரங்களைத்தான். ஒன்றை ஆகாயத்தில் தூக்கிவிட்டால் அது சுற்ற, மற்றது உருள, ‘பி’ என்பதே இல்லாத மாதிரி ஆகிவிடும். பின்பக்கம் தூக்கும்போது இதற்கு நேர் எதிர். ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிற பின்சக்கரம் மேலே போய்விடும், ‘பி’தான் வண்டியை நிறுத்தி வைக்கும். ஆக இரண்டையும் போட வேண்டும். இரண்டையும் நம்பாமல், தரையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். லாரியில் கிளீனர் வேலை என்று நீங்கள் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே முட்டுக்கட்டை போடுவதுதான். பத்து வயதில் தெரிந்ததை முப்பது வயதில் விட்டுவிட்டேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். திட்டவில்லை. மறுநாள் தன் கையால் அறுத்த ஆப்புக்கட்டை இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். இப்போது சரிவில் போடுவதே இல்லை. காரைக் கராஜுக்குள் இறக்கி, மட்டமான சிமென்ட் தரையில்தான் எல்லாம்.

அன்றைக்கு நடந்த இன்னொரு சேதம் பிறகுதான் தெரிந்தது. லாரிக்கு ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியை வைத்தால் முடிந்தது, எங்கே தொட்டாலும் இரும்பு. காருக்குச் சேசிஸ் என்று தனியாக ஒன்று கிடையாது அப்பா. தகட்டால் ஆன உடம்புதான் சேசிஸ். கதவுக்குக் கீழே இரண்டு தகடுகளைச் சேர்த்து மடித்து வெல்ட் வைத்த விளிம்பு ஒன்று ஓடும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த விளிம்பில் இரண்டிரண்டு சின்ன வெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், விரலால் தடவினால் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் அந்த ஜோடி வெட்டுக்கு நடுவில் மட்டும்தான் கம்பெனி உள்ளே தடித்த தகடு வைத்திருக்கிறது. ஒரு சாண் தள்ளி வைத்தால் தகடு உள்ளே போய்விடும். நடுத்தரை, ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி), கியர் பெட்டி எதையும் தொடக்கூடாது. சம்ப் சில வண்டிகளில் அலுமினியம், விரிசல் விட்டால் ஆயில் மொத்தமும் தரையில்.

வண்டியோடு வருகிற கத்தரி ஜாக்கியின் தலையில் இந்த விளிம்பு உட்காரக் காடி, அதாவது நீளப் பள்ளம், இருக்கும். நான் வாங்கியது சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி, அதன் தலை தட்டையான கிண்ணம். அதை நேராக விளிம்பில் வைத்தால் ஜாக்கி தூக்குகிற பாரம் முழுவதும் அந்த மெல்லிய மடிப்பின் மேல் ஏறி அதை வளைத்துவிடும். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் ஆயிற்று. வளைந்தால் பெயின்ட் வெடிக்கும். பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், அந்த உப்புத் தண்ணீர் வெடிப்புக்குள் போய் அடுத்த வருடத்துக்குள் தகட்டைத் தின்றுவிட்டது. வெல்டிங் வைக்க வேண்டியதாயிற்று. இப்போது கிண்ணத்தின் மேல் இட்லி அளவு ரப்பர் கட்டி வைக்கிறேன். நடுவில் காடி வெட்டியிருக்கும். விளிம்பு அந்தக் காடிக்குள் இறங்கிவிடும், பாரம் பக்கத்துத் தடித்த தகட்டில் பரவும். ரப்பர் கிடைக்காவிட்டால் கெட்டியான மரத்தில் ஒரு காடி அறுத்துக்கொண்டாலும் போதும்.

நேற்று எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், தம்பிக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பின்சக்கரத்துக்கு ஆப்பு வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்தினேன். தூக்கிய பிறகு ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் வண்டியே ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். அப்புறம் ஜாக்கி. லாரி போல இரண்டு அழுத்தில் சக்கரம் எழும்பாது. உடம்பைத் தூக்குகிறோம், சக்கரம் சஸ்பென்ஷனில் தொங்கிக்கொண்டே வரும், நிறைய ஏற்ற வேண்டும். கார் நேராக மேலே போகாமல் வில் மாதிரி வளைந்து ஏறும், அதற்கேற்ப ஜாக்கியின் சக்கரங்கள் தானாக உருள வேண்டும். நம் வாசல் மாதிரி மண்ணும் ஜல்லியும் உள்ள இடத்தில் அவை புதைந்து நின்றுவிடும், தலை நழுவும். தம்பி போடுவதாக இருந்தால் கீழே தடித்த பிளைவுட் பலகை ஒன்று போட வேண்டும்.

ஏற்றியதும் ஸ்டாண்டை, அதாவது தூக்கிய காரைத் தாங்கி நிற்கிற இரும்புக் காலை, உள்ளே தள்ளி, அதன் மேல் பாரம் உட்காரும்வரை ஜாக்கியை மெதுவாக இறக்கினேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே ஒரு சீல் கசிந்தால் இறங்கிவிடும், கைப்பிடியில் யாராவது இடித்தாலும் இறங்கிவிடும். ஸ்டாண்டையும் கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறேன். 2020-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், உயரத்தைப் பிடித்து வைக்கிற பல் சரியாகக் கவ்வாமல் திடீரென்று இறங்கிவிடும் என்று. என்னுடையதில் பல்லுக்கு மேல் குறுக்கே ஒரு முளையும் போடலாம். போட்டுவிட்டு, காரைக் கையால் நன்றாக அசைத்துப் பார்ப்பேன். அசைந்து விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைத் தள்ளி வைக்காமல் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுகிறேன். எல்லாம் தப்பினாலும் அந்த இடைவெளியாவது மிஞ்சும்.

செங்கல் பற்றித்தான் இத்தனையும் எழுதினேன். ஒரு செங்கல் மேல் பரவலாகப் பாரம் வைத்தால் தாங்கும், சுவரே நிற்கிறதே. ஆனால் ஒரு விரல் அகல இரும்பு விளிம்பு அதில் அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் இரண்டாகப் பிளக்கும். ஹாலோ பிளாக் அதைவிட மோசம். மரமாவது முறுகும், சத்தம் போடும், நமக்கு நேரம் கொடுக்கும். நீங்கள் பட்டறையில் லாரியின் ஆக்சில் ஹவுசிங்குக்கு அடியில் கட்டைதான் அடுக்குவீர்கள், ஒரு நாளும் கல் வைத்து நான் பார்த்ததில்லை. கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைப் பையனை உள்ளே விடுவீர்கள். அதைத் தம்பி பார்க்கவில்லை. அவன் வளர்வதற்குள் நீங்கள் லாரியை விற்றுவிட்டீர்கள்.

கடைசியில் நட்டு. நீங்கள் ஸ்பேனர் மேல் ஏறி நின்று முறுக்குவது லாரிக்குச் சரி. காரில் அப்படிச் செய்தால் போல்ட் இழுத்துக்கொள்ளும், பிரேக் டிஸ்க்கும் கோணலாகும். என் கரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர். அதற்கென்று ஒரு டார்க் ரென்ச் இருக்கிறது, அளவை வைத்து இழுத்தால் சேர்ந்ததும் ‘டிக்’ என்று கையில் தட்டும், நிறுத்திவிட வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திரம் போடுகிற மாதிரி முறுக்கி, எண்பது நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு முறை. நாளை சாயங்காலம் அதைச் செய்துவிடுவேன்.

பாப்பா நேற்று முழுக்க என்னுடன்தான் இருந்தாள், கராஜ் படியில் உட்கார்ந்து நட்டுகளைப் பழைய டப்பாவில் எண்ணி எண்ணிப் போட்டாள். மொத்தம் இருபது. கோட்டைத் தாண்டி வராதே என்று தரையில் சாக்பீஸால் கிழித்திருந்தேன். ஒரு முறைகூடத் தாண்டவில்லை.

பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்டாண்டு கனம், பெட்டியில் வராது, சேலத்தில் வாங்கிக்கொள்ளலாம். தம்பி மூன்று டன் ஜோடியாக வாங்கட்டும், பணம் அனுப்புகிறேன். ரப்பர் கட்டியை நான் கொண்டுவருகிறேன். அவன் வண்டியின் விளிம்பு வெட்டு இருக்கும் இடத்தை ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஆழம் பார்த்து வாங்க வேண்டும். அதுவரை அவன் அடியில் போகக்கூடாது. வாசலில் அந்தச் செங்கல் மூன்றும் இன்னும் கிடந்தால் இன்றைக்கே எடுத்துத் தோட்டத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்