எங்கள் செவர்லே சி10-ஐ ஓட வைத்த எல்லோருக்கும்

அண்ணன்மார்களே, நண்பர்களே,

நம்ம 1972 செவர்லே சி10 பிக்கப் போன வெள்ளிக்கிழமை ராத்திரி என்னிஸில், டெக்சஸ் மோட்டார்ப்ளெக்ஸ் என்கிற டிராக் ரேஸ் களத்தில், கால் மைல் நேர்தூரத்தை 13.84 வினாடியில் ஓடி முடித்தது. கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 98 மைல். டிராக் ரேஸிலேயே மிக வேகமான வண்டிகள் ஓடும் டாப் ஃப்யூயல் பிரிவில் முதன்முதலாக ஐந்து வினாடிக்குள் ஓடியது 1988இல் இதே கான்கிரீட் தளத்தில்தான். ஓட்டியவர் எடி ஹில், நேரம் 4.990 வினாடி. அப்படிப்பட்ட இடத்தில், பின்னால் எட்டடிச் சரக்குப் பெட்டியோடு ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பிக்கப் துளியும் கோணாமல் நேராகப் போனது என்றால் அது உங்களால்தான். ஒவ்வொருவருக்கும் போனில் நன்றி சொன்னேன், ஆனால் யார் என்ன செய்தீர்கள் என்று மற்றவர்களுக்கும் தெரியவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மெஸ்கீட் ஊர் வெல்டிங் அண்ணன். பிக்கப்பை வைத்து டிராக் ரேஸ் ஓட நினைக்கிற யாருக்கும் வருகிற தலைவலி ஒன்றுதான்: இன்ஜின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்பக்கம், பின்னால் காலிப் பெட்டி. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, வண்டி நகர்வதில்லை, நகர்ந்தாலும் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கிறது. இன்ஜினில் இன்னும் பணத்தைக் கொட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஜாக்கியில் ஏற்றி, வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். இந்த மாடலில் பின் ஆக்சிலைப் பிடித்திருப்பவை சேஸிஸின் நடுவிலிருந்து வருகிற இரண்டு நீளமான கைகள். அவற்றின் மேல்தான் சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு தண்டு, டிராக் பார் என்பார்கள். கம்பெனி போட்ட தண்டு நீளம் குறைவு. தண்டு குட்டையாக இருந்தால், பின்பக்கம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது வளைவாகச் சுழன்று ஆக்சிலையும் பக்கவாட்டில் தள்ளிவிடும். அண்ணன் லேத்தில் மரை வெட்டி, இரண்டு முனையிலும் திருகி நீளத்தைச் சரிசெய்கிற மாதிரி, சேஸிஸின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீளும் புதுத் தண்டு ஒன்றைச் செய்து போட்டார். அதன் பிறகு கிளம்புகிறபோது ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்க வேண்டிய வேலையே இல்லை. டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். அண்ணே, கூலி என்று நீங்கள் வாங்கிக்கொண்டது இரும்பு விலை மட்டும். இதை நான் மறக்கமாட்டேன்.

பெட்ரோல் டேங்கை வெளியே கொண்டுவந்த கார்லண்ட் ஊர்ச் சகோதரர்கள் இருவருக்கும் அடுத்த நன்றி. 1972 வரை வந்த சி10-களில் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். முதுகுக்குப் பின்னால் எழுபது லிட்டருக்கு மேல் பெட்ரோலை வைத்துக்கொண்டு ரேஸ் ஓடுவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. நீங்கள் அதைக் கழற்றி, பின் ஆக்சிலுக்கும் பின்னால், பெட்டிக்கு அடியில் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில் வேறு டேங்க் பொருத்தி, பைப் லைன் முழுவதையும் புதிதாக இழுத்துக் கொடுத்தீர்கள். பாதுகாப்பும் ஆச்சு, பின்பக்கம் எடையும் கூடியது.

பேட்டரியையும் பின்னால் கொண்டுபோனோம். பேட்டரி இடம் மாறினால் வண்டியின் பின்புறத்தில் வெளியிலிருந்து அணைக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வேண்டும் என்பது விதி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் எடுக்கிற கருவி) தரும் மின்சாரத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். விபத்து நடந்து ஓடிவருகிறவர் சுவிட்சை அணைத்தும் பிரயோஜனம் இருக்காது. பிளேனோ ஊர்த் தம்பி அந்த வயரிங்கைக் காகிதத்தில் வரைந்து காட்டி, ஆல்டர்னேட்டர் லைனையும் அதே சுவிட்ச் வழியாகக் கொண்டுபோய், இன்ஜினை ஓடவிட்டு என் கையாலேயே அணைத்துப் பார்க்க வைத்தான். உடனே நின்றது. தம்பி, உன் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

வீட்டில் என் மனைவி அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்புத்தகத்தை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டாள். 13.99 வினாடியோ அதற்கும் வேகமாகவோ ஓடினால் ஸ்னெல் பாதுகாப்புச் சோதனை முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம், ஆக்சிலேட்டரைத் திரும்ப இழுக்கிற ரிட்டர்ன் ஸ்பிரிங் வேண்டும் என்று ஒவ்வொன்றாக அவள்தான் டிக் அடித்தாள். பின்பக்கம் கனம் சேர்க்க மணல் மூட்டை போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, ஊரில் பலரும் செய்கிறார்கள்தான், ஆனால் கட்டில்லாமல் கிடக்கிற எந்த எடையும் கூடாது என்று அவள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பேச்சு அதோடு முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், இதை அவருக்கு நானே படித்துச் சொல்லப்போகிறேன். வாழ்நாள் முழுக்க மெக்கானிக்காக இருந்தவர். நம்ம 350 கன அங்குல இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டரில் என்ன குறை என்று சொல்லிவிடுவார். கிளம்பும்போது ஒரு நொடி மூச்சுத் திணறுகிற மாதிரி இன்ஜின் தடுமாறியது அல்லவா, கார்புரேட்டரில் அழுத்தும்போது கூடுதல் பெட்ரோலைத் தள்ளுகிற ஆக்சிலேட்டர் பம்பை அவர் சரிசெய்ததும் அது போயே போச்சு. டைமிங் லைட்டைப் பிடித்து தீப்பொறி எவ்வளவு முன்னதாக வரவேண்டும் என்கிற மொத்த அட்வான்ஸை 34 டிகிரியில் நிறுத்தி, இனிமேல் யாரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை.

பெயரே தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். சனிக்கிழமை பிராக்கெட் ரேஸில் பரிசோதகர் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, புது ரிம் தடிமனாக இருப்பதால் நட்டு பிடிக்கிற மரை போதாது என்று நிறுத்திவிட்டார். சரியான முடிவு, அவருக்கும் நன்றி. அப்போது பக்கத்தில் பழைய நோவா காரோடு நின்றவர், ஒன்றும் கேட்காமல் தன் பெட்டியிலிருந்து நீள நட்டுகள் முழு செட்டையும் எடுத்துக் கொடுத்தார். முதல் சுற்றில் எனக்கு எதிர் லேனில் வந்ததும் அவரே. பிராக்கெட் ரேஸில் அவரவர் ஓடப்போகும் நேரத்தைக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதிக்கொள்கிறோம், மெதுவான வண்டி அந்த நேர வித்தியாசத்துக்கு முன்னால் கிளம்பும், ஆகவே அவரவர் பச்சை விளக்குக்கு யார் சீக்கிரம் கிளம்புகிறார் என்பதில்தான் பாதி ஆட்டம். அவர் 0.031 வினாடியில் கிளம்பினார், நான் 0.118. அவர் ஜெயித்தார். நட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

வெல்டிங் அண்ணனின் டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். வெயில் ஏறுவதற்குள் இன்னொரு வெள்ளிக்கிழமை என்னிஸ் போகலாம் என்றிருக்கிறேன்; இந்தத் தடவை வேலை செய்தவர்கள் எல்லோரும் கேலரியில் இருக்கவேண்டும், டிக்கெட் என் செலவு.